எண்ணுகிற கை யாருடையது?

இட ஒதுக்கீடு பற்றிப் பேச்செடுத்தால் போதும், உடனே நமக்கு விளையாட்டை உதாரணம் காட்டுவார்கள். ‘ஓடுகளத்தில் முந்துகிறவன் ஜெயிக்கிறான், அங்கே யாரும் சாதி கேட்பதில்லை, தகுதி மட்டும்தான் பேசும்’ என்பார்கள். கடிகாரத்துக்குச் சாதி கிடையாது என்பதை நாமும் ஒத்துக்கொள்கிறோம். அந்தக் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறவருக்கும் கிடையாதா என்பதுதான் நம் கேள்வி. அதற்குப் பதில் தேட, அமெரிக்காவில் நடந்த ஒரு கார் பந்தயத்துக்குப் போவோம்.

1963 டிசம்பர் 1. புளோரிடா மாநிலம், ஜாக்சன்வில். அரை மைல் சுற்றளவுள்ள, முட்டை வடிவ மண் தடம். 200 சுற்று, அதாவது 100 மைல். ஓடுபவை ‘ஸ்டாக் கார்’கள். கடையில் விற்கிற சாதாரணக் காரையே பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றி ஓட்டுவார்கள். நடத்துவது நாஸ்கார். 1948இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் வேர் தென் மாநிலங்களில் இருக்கிறது. போலீஸுக்குத் தப்பிக் கள்ளச்சாராயம் கடத்திய ஓட்டுநர்கள்தான் இந்த விளையாட்டின் முதல் தலைமுறை நாயகர்களில் பலர்.

அன்று 34ஆம் எண் செவ்ரோலே காரை ஓட்டியவர் வெண்டல் ஸ்காட், கறுப்பர். 1921இல் வர்ஜீனியாவின் டான்வில் ஊரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர். ஊர் திரும்பி டாக்ஸி ஓட்டினார், மெக்கானிக் கடை வைத்தார், சாராயமும் கடத்தினார். 1952இல் டான்வில் பந்தயத்தை நடத்தியவர்கள், ஒரு கறுப்பரை இறக்கினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும் என்று கணக்குப் போட்டார்கள். வேகமாக ஓட்டத் தெரிந்த கறுப்பர் யார் என்று போலீஸிடமே கேட்டார்கள். விரட்டிச் சலித்திருந்த போலீஸ் ஸ்காட்டைக் கைகாட்டியது. காட்சிப் பொருளாகத்தான் அவரை உள்ளே விட்டார்கள். அவர் ஓட்டுநராகவே தங்கிவிட்டார்.

தங்குவது அத்தனை சுலபமாக இல்லை. நாஸ்கார் பந்தயங்களுக்குக் காரை இழுத்துக்கொண்டு போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ‘உன் காரை ஒரு வெள்ளைக்காரப் பையன் ஓட்டட்டும்’ என்றும் சொன்னார்கள். வண்டி வேண்டும், உழைப்பு வேண்டும், ஆள் மட்டும் வேண்டாம். இந்தக் குரல் நமக்குப் பழக்கமானதுதான். ஸ்காட் மறுத்தார். பிறகு உரிமம் பெற்று, 1959இல் வர்ஜீனியா மாநில அளவில் சாம்பியன் பட்டமும் வென்று, 1961இல் நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு வந்தார். புரவலர் பணம் கிடையாது. அடுத்தவர் ஓட்டி முடித்த கார், அடுத்தவர் கழற்றிப் போட்ட டயர். உதவிக்குப் பெற்ற பிள்ளைகள்.

பந்தயம் நடந்த ஊரையும் காலத்தையும் பார்த்துவிடுவோம். 1960 ஆகஸ்ட் 27 அன்று, உணவு மேசையில் சம இடம் கேட்டு அமர்ந்த கறுப்பின இளைஞர்களைக் கோடரிக் காம்புகளால் வெள்ளைக் கும்பல் தாக்கியது இதே ஜாக்சன்வில் நகரத்தில்தான். வாஷிங்டன் பேரணி முடிந்து மூன்று மாதம், கென்னடி கொல்லப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஸ்காட் அங்கே கார் ஓட்டினார்.

ஓட்டி ஜெயித்தார். இன்னும் 25 சுற்று மிச்சமிருந்தபோது, முன்னால் போய்க்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியின் கார் கோளாறாகித் தடுமாற, ஸ்காட் முந்தினார். பிறகு அவரை யாரும் நெருங்கவில்லை. 200 சுற்று முடித்தார். பந்தயம் முடிந்ததற்கு அடையாளமான கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடி அசையவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார். 201, 202. அதற்குப் பிறகு, அவருக்கு இரண்டு சுற்று பின்தங்கியிருந்த பக் பேக்கருக்குக் கொடி அசைந்தது. பேக்கரை வெற்றி மேடைக்கு அழைத்துப் போனார்கள். கோப்பை, முத்தம், புகைப்படம் எல்லாம் அவருக்கு.

ஸ்காட் முறையிட்டார். சில மணி நேரம் கணக்குப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்தது, பத்திரிகைக்காரர்கள் போனார்கள், பேக்கரும் கோப்பையோடு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு, ‘எண்ணிக்கையில் பிழை, வென்றவர் ஸ்காட்தான்’ என்றார்கள். 1,000 டாலர் பரிசுத் தொகை வந்தது. கோப்பை வரவில்லை.

இதைப் பிழை என்று நம்பலாமா? அந்தக் காலத்தில் சுற்றுகளை ஆட்கள்தான் எண்ணி அட்டையில் குறிப்பார்கள். சின்னத் தடத்தில் சுமார் அரை நிமிடத்துக்கு ஒரு சுற்று. இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சுற்றும். பிழை வரும்தான். 1959இல் முதல் டேடோனா 500 பந்தயத்திலும் வந்தது. ஜானி பீச்சாம்ப் வென்றதாக முதலில் அறிவித்தார்கள். பிறகு புகைப்படங்களையும் செய்திப் படத்தையும் வரவழைத்து, மூன்று நாள் கழித்து, வென்றவர் லீ பெட்டி என்று ஊரறியச் சொன்னார்கள். வெள்ளையருக்கு நேர்ந்த பிழை வெளிச்சத்தில் திருத்தப்பட்டது. ஸ்காட்டுக்கு நேர்ந்ததை ஆளில்லாத மைதானத்தில் திருத்தினார்கள். முதல் எண்ணிக்கை பிழையாகவே இருந்திருக்கட்டும். கோப்பையைத் தராமல் விட்டதும் எண்ணிக்கைப் பிழையா?

காரணத்தை ஸ்காட்டே பின்னாளில் சொன்னார். வென்றவருக்கு அழகுராணி முத்தம் தருவது வழக்கம். கறுப்பு ஆண், வெள்ளைப் பெண், நிரம்பிய பார்வையாளர் வரிசை. வெள்ளைப் பெண்ணிடம் வம்பு செய்ததாகச் சொல்லி எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை மிசிசிப்பியில் அடித்துக் கொன்றது 1955இல். கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதற்கு வர்ஜீனியா, புளோரிடா உட்படப் பல மாநிலங்களில் இருந்த தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியது 1967இல். இடையில் வருகிறது 1963. சாதி மறுப்புத் திருமணம் செய்த பிள்ளைகளின் பிணங்களைச் சுமந்த நமக்கு இந்தப் பயத்தின் முகவரி தெரியும். பந்தயத்தில் தோற்பதை அவர்களால் தாங்க முடிந்திருக்கலாம். அந்தப் புகைப்படத்தைத் தாங்க முடியாது.

ஸ்காட் அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் ஓட்டினார். மொத்தம் 495 பந்தயம். 1966இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாவது இடம். 1973இல் டல்லடேகாவில் நடந்த பெரும் விபத்தில் உடம்பு நொறுங்க, அந்த ஆண்டோடு ஓட்டம் நின்றது. 1990 டிசம்பரில் இறந்தார். வென்ற கோப்பையை அவர் கையில் வாங்கவே இல்லை.

2015இல் நாஸ்கார் தன் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது. 2021 ஆகஸ்ட் 28 அன்று டேடோனாவில் அவர் குடும்பத்திடம் கோப்பையைக் கொடுத்தது. அடுத்த நாள் அவருடைய நூறாவது பிறந்த நாள். 58 ஆண்டு தாமதம். அதே ஆண்டு அக்டோபரில் டல்லடேகாவில் பப்பா வாலஸ் வென்றபோதுதான், உச்சப் பிரிவில் இரண்டாவதாக ஒரு கறுப்பர் ஜெயித்தார். பந்தயத் திடல்களில் அடிமை முறை ஆதரவாளர்களின் கூட்டமைப்புக் கொடிக்குத் தடை வந்தது 2020இல்தான்.

தாமதமாகக் கிடைத்தாலும் கிடைத்ததே என்று நாமும் மகிழ்கிறோம். ஆனால் செத்தவருக்கு மாலை போடுவது யாருக்கும் சிரமமான காரியமில்லை. உயிரோடு இருந்த 27 ஆண்டுகளில் ஒரு நாள், ஒரு மேடை, ஒரு கோப்பை தர எது தடுத்தது?

தகுதி இருந்தால் மேலே வரலாம் என்கிறார்கள். ஸ்காட் வேகமாக ஓட்டினார், இரண்டு சுற்று கூடுதலாகவே ஓட்டினார். வேகம் அவர் கையில் இருந்தது. எண்ணும் அட்டையும் கொடியும் வேறு கைகளில் இருந்தன. தேர்வெழுதும் அறையில் நமக்கு இடம் கேட்பதோடு, மதிப்பெண் போடும் அறையிலும், நேர்முகத் தேர்வுக் குழுவிலும், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மேசையிலும் இடம் கேட்பது இதனால்தான். அந்த மேசையில் நம்மவர் இல்லாதவரை, 200 சுற்றுப் பந்தயத்தில் நாம் 202 ஓட வேண்டியிருக்கும். அப்போதும் கொடி அடுத்தவருக்குத்தான் அசையும்.