முதல் அறிக்கையில் குடும்பத்தின் குரல்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் மரண விசாரணை

ஒருவர் ஐயத்துக்குரிய வகையில் இறந்தால் இங்கிலாந்தில் கொரோனர் விசாரிக்கிறார். இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரிக்கிறார். 1871ஆம் ஆண்டுச் சட்டம் கல்கத்தா, மதராஸ், பம்பாய் நகரங்களுக்கென வகுத்த கொரோனர் முறை இந்தியாவில் இன்று வழக்கில் இல்லை. கேரளத்தில் அந்தப் பொறுப்பு காவல்துறைக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உரியது. இவ்விசாரணையில் சட்டம் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கும் இடம் குறுகியது. எல்லைப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் அதையும் மொழியால் இழக்க நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் நிலை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, 176 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194, 196 பிரிவுகளாக நடைமுறையில் உள்ளன. 194இன்படி காவல் அதிகாரி உடல் கிடக்கும் இடத்துக்குச் சென்று, அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் முன்னிலையில், காயம், எலும்பு முறிவு, கன்றிய தழும்பு எல்லாவற்றையும் எழுத வேண்டும். எந்த ஆயுதத்தால் நேர்ந்ததாகத் தோன்றுகிறது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். மக்கள் 'இன்க்வெஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். அதிகாரியோடு கையெழுத்திட வேண்டியவர்கள் அவர் கண்டதை ஏற்பவர்கள் மட்டுமே. உடன்படாதவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

இந்தப் பிரிவில் உறவினரின் சொல்லுக்கு வெளிப்படையான மதிப்பு ஓரிடத்தில்தான் உண்டு: திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இறந்த பெண்ணின் உறவினர் கேட்டால், அதிகாரி உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாஜிஸ்திரேட் நடத்தும் 196ஆம் பிரிவு விசாரணையின் நிலை வேறு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோருக்கு, இயன்றவரை, தகவல் சொல்லி உடனிருக்க அனுமதிக்க வேண்டும். காவலில் நேர்ந்த மரணத்தை நீதித்துறை மாஜிஸ்திரேட்டே விசாரிக்க வேண்டும். புதைத்த உடலைத் தோண்டியெடுத்துச் சோதிக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமுண்டு.

இரண்டு வழக்குகள்

நெடுங்கண்டம் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த ஒருவர், பீர்மேடு கிளைச் சிறைக் கைதியாக இருக்கையில் 2019 ஜூன் 21 அன்று இறந்தார். இம்மரணத்தை விசாரித்த நீதிபதி நாராயண குறுப்பு ஆணையம் தலையிட்டபின், அடக்கம் செய்த உடலை அடுத்த மாதமே தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். முதல் பரிசோதனையில் பதிவாகாத காயங்கள் அப்போது தெரியவந்தன. அவர் உடல் எரிக்கப்பட்டிருந்தால் அந்த உண்மை வெளிவந்திருக்காது. ஐயம் தீராத மரணத்தில் எரிக்காமல் புதைப்பது நல்லது என்ற அறிவுரைக்கு வழக்கமன்று, சான்றே அடிப்படை.

அட்டப்பாடி முக்காலியில் 2018 பிப்ரவரி 22 அன்று கும்பலால் தாக்கப்பட்ட பழங்குடி இளைஞர் மது, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில் போலீஸ் ஜீப்பில் இறந்தார். அது காவல் மரணமா என்று ஆராய மாஜிஸ்திரேட் விசாரணை நடந்தது. விசாரணை அறிக்கைகள் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றத்தின் முன் வந்ததோ 2022இல், அரசுத் தரப்பு கேட்ட பிறகுதான். 2023 ஏப்ரலில் பதின்மூன்று பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அறிக்கை எழுதப்படுவது வேறு, அது வழக்குக் கட்டுக்குள் வந்து சேர்வது வேறு. ஆகவே குடும்பம் குற்ற எண், விசாரித்த அதிகாரியின் பெயர், இன்க்வெஸ்ட், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மொழி

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்ட லயங்களிலும் கொழிஞ்சாம்பாறை, வாளையாறு ஊர்களிலும் மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பலர். இறந்தவரைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள், நோய் இருந்ததா, மன வருத்தம் இருந்ததா என்ற கேள்விகளுக்கு அவர்கள் தமிழில் சொல்வது மலையாளத்தில் பதிவாகிறது. 'கொஞ்சம் மனசு சரியில்லாம இருந்தான்' என்ற தாயின் சொல், தற்கொலைக்கான காரணமாக மாறிவிடலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதி அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையைத் தந்துள்ளது. பிணவறை வாசலிலும் அந்த உரிமையின் பொருள் உணரப்பட வேண்டும்.

மறுப்பும் பரிந்துரையும்

மரணத்தின் வெளிப்படைக் காரணத்தை அறிவதோடு இன்க்வெஸ்டின் வேலை முடிகிறது, குற்றவாளியின் பெயர்கூட அதில் வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1975இல் பெத்த நாராயணா வழக்கில் கூறியது. எனவே குடும்பத்துக்கு இத்தனை இடம் எதற்கு என்று கேட்கலாம். இன்க்வெஸ்ட் சுருக்கமாக இருக்கலாம், ஆனால் மருத்துவர் எதைத் தேட வேண்டும் என்பதற்கு முதல் குறிப்பு அதுதான். குடும்பத்தவரே சந்தேகத்துக்குரியவராக இருக்கக்கூடும் என்ற மறுப்பு வலுவானது. அத்தகைய வேளையில் அதிகாரி காரணத்தை எழுதிவைத்து அவரை விலக்கிவைக்கலாம். விலக்கைக் காட்டி விதியை மறுக்க முடியாது.

இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் நெருங்கிய உறவினரை 'அக்கறையுள்ள தரப்பினர்' என ஏற்கிறது. அவர்கள் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். அவ்வளவு தூரம் போகாமலேயே கேரள அரசு மூன்றைச் செய்யலாம்: கையெழுத்துக்கு முன் பதிவைத் தமிழில் வாசித்துக்காட்டுதல், குடும்பத்தின் ஐயங்களை அவர்கள் சொற்களிலேயே இணைத்தல், நகலை விண்ணப்பமின்றிக் கொடுத்தல். இவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டாம். காவல்துறைத் தலைமையின் சுற்றறிக்கையே போதும். அது வரும்வரை, வாசித்துக்காட்டச் சொல்லிக் கேட்பதும், புரியாத தாளில் கையெழுத்திட மறுப்பதும் ஒவ்வொரு குடும்பமும் தயங்காமல் செய்ய வேண்டியவை.