உடைந்த அணை, மறையும் கதை: நம்ம ஊர் வரலாற்றை எங்கே தேடுவது?

புதுச்சேரி வில்லியனூர் தாலுகாவில் செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே, சங்கராபரணி ஆற்றில் பிரெஞ்சு ஆட்சியில் 1906-ல் கட்டப்பட்டது படுகை அணை. 2021 நவம்பர் வெள்ளத்தில் அது உடைந்தது. அணை போனால் போகட்டும், அதன் கதையும் போய்விடலாமா? அந்தக் கதையை எங்கே தேடுவது? இதோ விவரம்.

வரலாற்றுக் கழகம் இருந்ததா?

இருந்தது. 1911-ல் ஆளுநர் ஆல்ஃபிரட் மார்ட்டினோ புதுச்சேரியில் பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார். பழைய ஆவணங்களைத் திரட்டி அச்சிட்டது அந்தக் கழகம். ஆனா அதில் ஆளுநர்கள், போர்கள், வணிகம் பற்றிய செய்திகளே அதிகம்.

அப்போ கிராமத்தின் கதை?

முதலில் கோயிலுக்குப் போங்க. பாகூர் மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. 9-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் பாகூர் செப்பேடு, அங்கிருந்த கல்விச்சாலைக்கு 3 ஊர்கள் தானமாகத் தரப்பட்டதைச் சொல்கிறது. பாகூர் குப்புசாமி திரட்டிய புதுச்சேரிக் கல்வெட்டுகள் நூலாகவே வந்துள்ளன.

பிரெஞ்சு கால ஆவணங்கள்?

புதுச்சேரியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையத்திலும், பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரக் காப்பகத்திலும் இருக்கின்றன. பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில்தான்.

இன்றே செய்யக்கூடியது என்ன?

அணையில் குளித்த, அதன் தண்ணீரில் பயிர் வைத்த பெரியவர்களிடம் பேசி, செல்போனில் பதிவு செய்யுங்க. பேசியவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் குறிச்சு வைங்க. காப்பகத் தாள் காத்திருக்கும். தாத்தா பாட்டியின் நினைவு காத்திருக்காது.