சாக்ஸபோனுக்குள் ஒரு நாயனம்

வேதாரண்யத்தில் அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அவள் பேச்சின் இனிமைக்கு முன்னால் தன் வீணை எடுபடாது என்று சரஸ்வதி அதைக் கீழே வைத்துவிட்டதாகத் தலபுராணம் சொல்லும். இந்தக் கோயிலில் கலைமகள் கையில் வீணை இராது, சுவடிதான் இருக்கும். எந்தக் கருவியானாலும் வாய்ப்பாட்டின் பக்கத்தில் நிறுத்தி வைத்தே அதன் தரத்தைப் பார்ப்பது கர்நாடக இசையில் பழைய வழக்கம். அந்த வழக்கமே தெரியாத தேசத்தில், ராணுவ வாத்தியக் குழுக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட ஒரு பித்தளைக் குழாயை நம் கச்சேரி மேடையில் உட்கார வைத்தவர் கத்ரி கோபால்நாத். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'கிழக்கையும் மேற்கையும் இணைத்தவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வேதமூர்த்தியின் நாகசுரத்தால் பேர் பெற்ற இந்த ஊரில், அதைவிடக் கறாராகக் கேட்க வேண்டும்: அவர் ஊதியது நாயனமா, இல்லையா?

கோபால்நாத் 1949-ல் தென் கன்னட மாவட்டத்தில், பாணெமங்களூர்ப் பக்கம் பிறந்தவர். தந்தை தனியப்பா நாகசுரக்காரர். பிள்ளையின் காதில் முதலில் விழுந்தது சீவாளியின் ஒலி. சிறு வயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டார். அதிலிருந்து அதே நினைவு. மங்களூர் கலாநிகேதனத்தில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் பாடம், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம். டி.வி.ஜி. செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். பாடுவார், மிருதங்கமும் வாசிப்பார், இந்துஸ்தானியும் அறிந்தவர். இப்படி ஒரு பாட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தது கோபால்நாத்தின் அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். சாக்ஸபோனில் ராகம் வாசிக்க அவருக்கு முன்னால் போட்டுவைத்த பாதை எதுவும் இல்லை. பாட்டைக் கற்றுக்கொண்டு, அதைக் கருவிக்குள் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கருவி வசப்பட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்ததாகச் சொல்வார்கள்.

அவ்வளவு காலம் ஏன்?

பெல்ஜியக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி அது. உடல் பித்தளைதான், ஆனால் ஒற்றை நாணல் பட்டை அதிர்ந்து ஒலி எழுவதால் மேலைநாட்டார் அதை மரக்குழல் இனத்தில் சேர்க்கிறார்கள். அதில் விரல் துளையைத் தொடாது. சாவியை அழுத்தினால் மெத்தை வைத்த மூடி போய்த் துளையை அடைக்கும், விட்டால் திறந்துகொள்ளும். மூடல், திறப்பு என்ற இரண்டுக்கும் நடுவே நிற்பது பெரும்பாடு. நாயனம் அதற்கு நேர் எதிர். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் குழலில் ஏழு விரல்துளைகள். காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளி. விரலைப் பாதி எடுக்கலாம், கால்வாசி எடுக்கலாம். சீவாளியை உதட்டால் இறுக்கலாம், தளர்த்தலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இடைவெளி தெரியாமல் வழுக்கிக்கொண்டே போகலாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரம் அல்ல. அந்த அசைவை எடுத்துவிட்டால் தோடியே இல்லை. சாவி வைத்த கருவியில் அதை எங்கே போய்ப் பிடிப்பது? கோபால்நாத் தன் ஆல்டோ சாக்ஸபோனின் அமைப்பில் சில மாற்றங்கள் செய்துகொண்டார். இருந்தும் பெரும்பாரத்தைத் தாங்கியது உதடும் மூச்சும்தான். நாகசுரக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டையும் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டுக் கருவி என்பதற்காகத் தஞ்சை மண் எதையும் ஒதுக்கியதில்லை. இரண்டாம் சரபோஜி (1798–1832) தன் அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு வைத்திருந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினில் கைதேர்ந்தவர். சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் கிளாரினெட் வெகுநாள் ஊதியது. அதைத் தனிக் கச்சேரிக்கு உயர்த்திய திருச்சி ஏ.கே.சி. நடராஜன் 2008-ல் சங்கீத கலாநிதி ஆனார். அவரும் நாகசுரப் பயிற்சியோடு கிளாரினெட்டுக்கு வந்தவர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோ நாயனத்தையே மாற்றினார்: நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார், ஒத்தை விட்டுச் சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டார், கிராப்பு வெட்டிக் கோட்டும் போட்டார். ஆந்திரத்துக் கரவதியிலிருந்து வந்த ஷேக் சின்ன மௌலானா தஞ்சாவூர்ப் பாணியைக் கற்று, அதன் பிரதிநிதியாகவே ஆகிவிட்டார். ஆக, ஊர், மதம், கருவி எதுவும் இங்கே தடையில்லை. ராகத்தின் பிடி சரியாக விழுந்தால் போதும்.

1980-ல் பம்பாய் 'ஜாஸ் யாத்ரா' விழா கோபால்நாத்தின் வாழ்க்கையில் திருப்பம். அமெரிக்க ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அங்கே வந்திருந்தார். சார்லஸ் மிங்கஸின் குழுவில் வாசித்தவர், சரோத் மேதை அலி அக்பர் கானோடும் இசைத்தட்டு போட்டவர். ராகம் என்ன என்று ஓரளவு தெரிந்த அந்த மனிதர், தன் கருவியே வேறொரு மொழி பேசுவதைக் கேட்டார். இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். அதற்குப் பிறகு பிராகும் பெர்லினும் ஜாஸ் விழாக்களுக்கு கோபால்நாத்தை அழைத்தன. 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசியின் புராம்ஸ் விழாவில் வாசித்தார். அந்த விழாவுக்கு அழைக்கப்பட்ட முதல் கர்நாடக இசைக் கலைஞர் அவரே.

அதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்து ஒருவர் நம்மை நோக்கி நடந்து வந்திருக்கிறார். நம் பக்கத்தில் அவரைப் பலருக்குத் தெரியாது. பாஸ்டனில் 1923-ல் பிறந்த சார்லி மரியானோ, ஸ்டான் கென்டனின் பெரிய குழுவில் ஆல்டோ ஊதியவர். மிங்கஸின் புகழ்பெற்ற 1963 இசைத்தட்டில் அழுகையும் ஆவேசமுமாக ஒலிக்கும் சாக்ஸபோன் அவருடையது. ஜப்பானிலும் இருந்தார், பெர்க்லி இசைப் பள்ளியில் பாடமும் நடத்தினார், சொந்தக் குழுக்களையும் நடத்தினார். அறுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவில் வேலை செய்தபோது நாகசுரம் காதில் விழுந்தது. நாற்பது வயதைக் கடந்த, பெயர் பெற்ற வித்வான் அவர். மாணவனாக உட்கார்ந்து சீவாளியைக் கையில் எடுத்தார். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து தங்கிக் கற்றார். முனிக் நகரத்து எம்ப்ரியோ குழுவின் எழுபதுகளின் இசைத்தட்டில் ராக் இசைக்கு நடுவே திடீரென்று நாயனம் கேட்கும், ஊதுவது அவர்தான். 1983-ல் பெங்களூரு கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடும் ஆர்.ஏ. ரமாமணியின் குரலோடும் 'ஜோதி' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். 2009-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்தார்.

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் நம் மாவட்டத்துச் சிக்கலின் சண்முகசுந்தரம் வெள்ளைக்காரர்களுக்காக நாயனத்தில் இங்கிலீஷ் நோட்டு வாசிப்பார். திரைக்குப் பின்னால் ஊதியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். தியேட்டரில் கைதட்டல் பறந்த காட்சி. ஏறக்குறைய அதே நாட்களில் ஒரு வெள்ளைக்காரர் நிஜமாகவே நாயனத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பது எந்தக் கதாசிரியருக்கும் தோன்றாத திருப்பம்.

மரியானோவையும் கோபால்நாத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மரியானோ எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் இசைக்குள் இறங்கிவிடுவார். அவருடைய பன்முகத்திறன் அப்படிப்பட்டது. கோபால்நாத் எங்கே போனாலும் தன் இடத்தை விட்டு நகரமாட்டார். ஜாஸ்காரர்கள் சுருதியை மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுரக்கோவை அடுக்கிக்கொண்டு போக, இவர் ராகத்தின் ஆரோகண அவரோகணத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இது அவருடைய பலமாகவே படுகிறது. உடன் வாசிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தூண் கிடைத்தது.

இதற்கு நல்ல சாட்சி 2008-ல் வெளியான 'கின்ஸ்மென்'. அமெரிக்காவில் வளர்ந்த கன்னட வம்சாவளி ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு, மாணவப் பருவத்தில் அண்ணன் வேடிக்கையாக ஓர் இசைத்தட்டு கொடுத்தார். 'இந்தியப் பாணி சாக்ஸபோன்' என்ற பொருளில் தலைப்பு. வாசித்தவர் கோபால்நாத். வேடிக்கை வினையாகி, தம்பி சென்னைக்கு வந்து அவரிடம் பழகி, கடைசியில் இருவரும் சேர்ந்து குழு அமைத்தார்கள். இரண்டு ஆல்டோ, கன்யாகுமரியின் வயலின், ரெஸ் அப்பாசியின் கிதார், பூவாளூர் ஸ்ரீஜியின் மிருதங்கம், அதற்குமேல் பாஸும் டிரம்ஸும். இரண்டு சாக்ஸபோனில் எது யாருடையது என்று கண்டுபிடிக்க நேரம் ஆகாது. ஒன்று பாய்ந்து தாவும். மற்றது வளைந்து குழையும்.

குழுத்தலைவராக அவருடைய வழி ஜாஸ் தலைவர்களின் வழியல்ல, மேளக்காரர்களின் வழி. பெரிய மேளத்தில் நாயனக்காரர் கண்ணைக் காட்டினால் தவில் புரிந்துகொள்ளும். எழுதிவைத்த தாள் கிடையாது. கோபால்நாத்தின் கச்சேரியும் அப்படித்தான் நடக்கும். வயலினில் கன்யாகுமரி, மிருதங்கம், மோர்சிங் என்று நெடுநாள் பழகிய குழு. சமயத்தில் தவிலும் சேரும். கன்யாகுமரி பின்பாட்டுக்காரர் அல்ல, பாதிக் கச்சேரி அவருடையது. இணையாக ஒருவரை உட்கார வைத்து அவருக்கு இடம் விடுவது எல்லாத் தலைவருக்கும் வராத குணம்.

சினிமாவைச் சொல்லாமல் முடியாது. 1994-ல் கே. பாலசந்தரின் 'டூயட்' வந்தது, ஏ.ஆர். ரகுமான் இசை, பிரபு சாக்ஸபோன் கலைஞராக நடித்தார், திரைக்குப் பின்னால் ஊதியவர் கோபால்நாத். படத்தில் கல்யாணவசந்தத்தைக் கேட்டுவிட்டு ராகத்தின் பெயர் தெரியாமலே முணுமுணுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பட்டிக்காட்டு டீக்கடை வரை சாக்ஸபோன் என்ற சொல் போய்ச் சேர்ந்தது அந்தப் படத்தால்தான்.

புகழ் வந்தபின் வேகம் கூடியது. திருவையாற்றில் வாழ்ந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயர் கதனகுதூகலத்தில் செய்த கிருதி அவர் கச்சேரிகளில் தவறாமல் கைதட்டல் வாங்கும். மேலைநாட்டு மெட்டுப்போலத் தாவிச் செல்லும் ராகம். சாவிக் கருவிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். கூட்டத்துக்கு அது போதும். ஆனால் ராஜரத்தினத்தின் தோடியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, கோபால்நாத்தின் சவுக்க காலத் தோடியில் ஏதோ ஒரு மயிரிழை குறையத்தான் செய்யும். கல்யாணியிலும் அம்சத்வனியிலும் அந்தக் குறை இல்லை. கருவியின் எல்லை அது. அவருடைய எல்லை அல்ல.

வேறொரு விளைவும் உண்டு. தென் கன்னடத்தில் பல கோயில்களிலும் கல்யாணங்களிலும் நாகசுரம் இருந்த இடத்தில் இன்று சாக்ஸபோன் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் முகூர்த்தத்துக்குத் தவிலோடு சாக்ஸபோன் வைப்பது மோஸ்தராகிவிட்டது. கற்பதற்கு நாயனத்தைவிட எளிது, மண்டபத்துக்குள் காதைத் துளைக்காது, சினிமாப் பாட்டும் சுலபமாக வரும். இதற்கு கோபால்நாத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நாயனத்தைக் கருவிக்குள் கொண்டுவந்தார். பின்னால் வந்தவர்களில் பலர் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2004-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார். இந்த மலரைப் படிக்கிறவர்கள் வீட்டில் அடுத்து ஒரு கல்யாணம் வரும். சாக்ஸபோனுக்கு ஆள் பேசுவீர்கள். தாராளமாகப் பேசுங்கள். அந்தக் கலைஞரிடம் ஒரு மல்லாரி வாசிக்க வருமா என்று கேட்டுப் பாருங்கள். வராது என்றால், பக்கத்து ஊர் நாயனக்காரர் ஒருவருக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்துவிடுங்கள்.