உளுந்துச் சக்கை தின்ற குதிரை

புறநானூற்றின் 299ஆம் பாடல் பொன்முடியார் பாடியது. நொச்சித் திணை, குதிரைமறத் துறை. பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர் மன்னனின் குதிரை, உளுந்துச் சக்கை தின்று ஓய்ந்த நடை நடப்பது. மருதநில வேந்தரின் குதிரைகளோ நெய்யிட்டுப் பிசைந்த உணவு உண்பவை. போர் மூண்டபோது சக்கை தின்றது கடலைக் கிழிக்கும் தோணியெனப் படையைப் பிளந்தது. நெய் உண்டவை, முருகன் கோட்டத்தில் கலந்தொடாது விலகி நிற்கும் மகளிர்போல் ஒதுங்கின.

தாராபுரத்து வகுப்பறையில் பருத்தி வேலிக்கு விளக்கம் தேவையில்லை. மாணவர் ஒருவர் எழுப்பிய வினாதான் நம்மை இக்கட்டுரைக்கு இழுத்தது. சக்கை தின்ற குதிரைக்கு அத்திறம் எங்கிருந்து வந்தது? உரைகள் மன்னனின் மறத்தைச் சொல்லும். குதிரையைப் பழக்கியவனைச் சொல்வதில்லை. இத்தனைக்கும் குதிரைப்படை அறியாத மண்ணன்று இது. மைசூர்ப் போர்களில் நம் ஊர்க் கோட்டையை 1783இல் ஃபுல்லர்டனும் 1790இல் மெடோசும் கைப்பற்றினர். அதே 1790இல் திப்பு மீட்டுக்கொண்டார்.

பழக்கும் முறைக்கு அர்த்தசாஸ்திரத்தில் தடயம் உண்டு. இரண்டாம் அதிகரணத்தின் முப்பதாம் இயல் குதிரையின் நடைகளை வகுக்கிறது. அவற்றுள் 'லங்கனம்' என்னும் தாவல் மட்டும் ஏழு வகை: குரங்குத் தாவல், தவளைத் தாவல், மான் தாவல், ஒற்றைக்கால் தாவல், குயில் நடை, மார்பால் எழுதல், கொக்கு நடை. இவற்றை வெறும் பெயரடுக்காகக் கடந்துவிடக் கூடாது. தவளை இருந்த இடத்திலிருந்தே எழும்பும். மான் ஓட்டத்தினூடே தாவும். இவ்வேறுபாட்டைத் தொழுவத்தில் நின்று பார்த்தவனே இப்படிப் பெயரிட்டிருக்க முடியும்.

பாண்டிய நாட்டில் அவ்வறிவு அருகிப்போயிருந்தது போலும். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் கடல்வழி வந்தன என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவோ, ஓர் அரசன் ஆண்டுக்கு ஈராயிரம் குதிரை வாங்கினால் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சா என்கிறார். பேணத் தெரிந்தோர் இல்லாமையே காரணமாம். அவ்வறிவுடையோர் இங்கு வராதபடி வணிகரே பார்த்துக்கொண்டனர் என்றும் குற்றஞ்சாட்டுகிறார். எண்களில் மிகை இருக்கலாம். காரணத்தை நாம் நம்புகிறோம்.

தாவலைக் கற்பிக்கும் முறையில் பெருந்திருப்பம் இத்தாலியில் நேர்ந்தது. அதுவரை ஐரோப்பியர் தடையைத் தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்தனர். தரையில் இறங்கும் குதிரைக்கு வாயும் இடுப்பும் வலிக்கும். வலித்த குதிரை அடுத்த தடையைக் கண்டதும் மிரளும். பினரோலோ குதிரைப்படைப் பள்ளியைச் சேர்ந்த ஃபெடரிகோ கப்ரில்லி (1868–1907) முன்னால் சாய்ந்தார். கழுத்து நீளும்போது கையையும் உடன் நீட்டினார். 1902இல் தூரின் நகரில் 2.08 மீட்டர் உயரம் தாண்டினார். இம்முறையோடு வளர்ந்ததே 'கவல்லெத்தி', அதாவது குட்டிக் குதிரைகள் எனப்படும் தாழ்ந்த கழித்தடைகள்.

தரையிலோ அதற்குச் சற்று மேலோ சில கழிகள் வரிசையாக இருக்கும். முழங்கால் உயரத்தைத் தாண்டுவது அரிது. பெருநடைக்கு இடைவெளி ஏறத்தாழ 1.3 மீட்டர், சிறிய குதிரைக்குக் குறைப்பர். கழியைக் கண்ட குதிரை தலையைத் தாழ்த்தி, முதுகை வளைத்து, ஒவ்வொரு காலையும் எண்ணி வைக்கிறது. மேலிருப்பவனுக்கும் இதுவே பாடசாலை. கடிவாளத்தில் தொங்கினால் கழி இடறும். தாளம் தவறினாலும் இடறும். விழுந்தாலும் பெருங்கேடு நேராத உயரத்தில் இருவரும் ஒருவரையொருவர் நம்பக் கற்கின்றனர். உயரம் பின்னர் வருவது.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குச் சென்றால் கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகளைக் காணலாம். மேளத்துக்குக் காலெடுத்து ஆடும் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம். விலை பேசுவோர் சுழி பார்ப்பர், நிறம் பார்ப்பர், பல்லைப் பார்ப்பர். அதைப் பழக்கியவர் கயிற்றைப் பிடித்தபடி ஓரமாக நிற்பார். அடுத்த முறை செல்லும்போது அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.