ஒரே விலாசத்தில் இருபது யந்திரங்கள்

பெங்களூர் மாநகரின் வடமேற்கே, துமகூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. 1972ஆம் ஆண்டில் இங்கே, சாதாரணத் தொழிற்கூடக் கொட்டகைகள் சிலவற்றில், யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில் இளம் விஞ்ஞானிகள் கூடி நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆரியபட்டா என்று பெயர் பெற்ற அக்கோள் 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் ஏறி விண்ணை அடைந்தது. விண்கலங்களோடு பேசுவதற்கென்றே அமைந்த 'இஸ்ட்ராக்' நிலையம் இன்றும் பீன்யாவிலேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாடே கண் கொட்டாமல் பார்த்திருந்த கட்டுப்பாட்டுக் கூடம் அதுவே.

நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தக் கூடத்தைப் பற்றியன்று. அதே தொழிற்பேட்டையின் சந்துகளில் ஒன்றில், ஒரு லேத் பட்டறையின் முன்னறைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டு, தூசி படிந்து, பச்சை விளக்குகளை மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியது. கலைச்சொல்லாளர்கள் அதற்குத் 'திசைவி' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் பட்டறையில் அச்சொல்லை உரக்கச் சொன்னாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தமிழர், கன்னடியர், பீகாரிகள் எல்லோருக்கும் அது ரூட்டர். இங்கும் அவ்வாறே அழைப்போம்.

2023இல் நிலவில் இறங்கிய கலத்தைப் பீன்யாவிலிருந்து கூப்பிட முடிந்தது. அது பதிலும் சொன்னது. ஆனால் பீன்யாவில் நிற்கும் ஒரு கடைசல் யந்திரத்தைக் கோயம்புத்தூரிலிருந்து நேரே கூப்பிட முயன்றால் பெரும்பாலும் பதில் வராது. யந்திரம் பழுதாகி நிற்கும்போது, அதைச் செய்து கொடுத்த கம்பெனியார் தம் ஊரிலிருந்தே அதைப் பரிசோதிக்க விரும்பினால், இந்தச் சிறு பெட்டி குறுக்கே நிற்கிறது. அதற்குக் காரணம் தேடிப் போனால் நாற்பது ஆண்டுச் சரித்திரம் ஒன்று விரிகிறது.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு விலாசம் வேண்டும். 1981 செப்டம்பரில் வெளியான விதிமுறைப்படி அந்த விலாசம் 32 இரும இலக்கங்களால் ஆனது. நான்கு எண்களாகப் பிரித்து, இடையே புள்ளி வைத்து எழுதுகிறோம். இவ்வாறு அமைக்கக்கூடிய விலாசங்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. எண் பெரிதாகத்தான் தோன்றுகிறது. அந்த ஆண்டிலேயே உலகின் மக்கள்தொகை ஏறத்தாழ 450 கோடி என்பதை நினைத்தால் அது சுருங்கிவிடும். ஆளுக்கொன்று கொடுத்தாலே போதாத கணக்கு! இதை வகுத்தவர்களுள் ஒருவரான விண்டன் செர்ஃப், அப்போது தாம் ஒரு சோதனைக்கே திட்டமிட்டதாகவும், அச்சோதனை முடிவடையாமலே போயிற்று என்றும் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

விலாசங்களைப் பங்கிட்ட விதமோ இன்னும் விசித்திரம். முதற் பந்தியில் அமர்ந்தவர்களுக்கு வாரி வழங்கப்பட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் ஒன்றுக்கு மட்டும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட விலாசங்கள் கிடைத்தன. அதில் ஒரு பகுதியை அது 2017ஆம் ஆண்டில்தான் விற்க முன்வந்தது. நம் நாட்டிலோ, 1986இல் 'எர்நெட்' திட்டம் தொடங்கியபோது சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் உள்ளிட்ட எட்டு ஸ்தாபனங்களே அதில் இருந்தன. பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்டு 15 அன்று. நாம் பந்திக்கு வந்தபோது இலைகள் ஏறக்குறைய தீர்ந்துகொண்டிருந்தன.

இந்தத் தட்டுப்பாட்டை முன்கூட்டியே கண்டவர்கள் உண்டு. கெல்டு எகிவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் 1994 மே மாதத்தில் ஓர் உபாயத்தை எழுதி வெளியிட்டார்கள். ஒரு காரியாலயத்துக்குள் இருக்கும் யந்திரங்கள் தங்களுக்குள் எந்த எண்ணையும் வைத்துக்கொள்ளட்டும். வாசலில் ஒரு பெட்டி நின்று, வெளியே போகும் ஒவ்வொரு செய்தியிலும் உள் விலாசத்தை அழித்து வெளி விலாசத்தை எழுதட்டும் என்பதே அது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'விலாச மொழிபெயர்ப்பு'. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இப்பெயரைக் கேட்டதும் அந்தப் பெட்டியின் மீது ஒரு பங்காளிப் பாசம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் எண்களுக்கும் 1996 பிப்ரவரியில் ஒரு விதி உறுதியாயிற்று. 10 என்று தொடங்குவன எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குவன ஆகிய மூன்று தொகுதிகளை உலகில் யார் வேண்டுமானாலும், கேளாமலே, உள்ளே பயன்படுத்தலாம். ஆகையால்தான் பீன்யாவில் ஒரு பட்டறையிலும், சூரத்தில் ஒரு ஜவுளிக்கடையிலும், மும்பை தாராவியில் ஒரு தோல் பட்டறையிலும் ஒரே 192.168.1.1 இருக்கிறது. ஊருக்கு ஊர் ஒரு பிள்ளையார் கோவில் தெரு இருப்பதைப் போல. தெருப் பெயரை மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் எங்கும் போய்ச் சேராது.

பெட்டி வேலை செய்யும் முறையை, காரியாலயத் தபால் பிரிவை அறிந்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். பட்டறையில் ஜி.எஸ்.டி. கணக்கை ஏற்றும் குமாஸ்தாவின் கணினி 192.168.1.23 என்று வைத்துக்கொள்வோம். அதன் கோரிக்கை வாசலுக்கு வந்ததும் ரூட்டர் அதை நிறுத்தி, அனுப்புநர் இடத்தில் கம்பெனியின் ஒரே வெளி விலாசத்தை எழுதுகிறது; கூடவே 40017 என்பது போல ஒரு கதவெண்ணைப் போடுகிறது. தன் பதிவேட்டில், '40017 என்பது 23ஆம் மேசைக்கு உரியது' என்று ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் 40017ஐத் தேடி வந்தால் பதிவேட்டைப் பார்த்து உரிய மேசைக்கு அனுப்பிவிடுகிறது. கதவெண்கள் 65,536 வரை உண்டாகையால் இருபது கணினிகளும் ஐம்பது கைப்பேசிகளும் ஒரே வெளி விலாசத்தில் காலம் தள்ளலாம். பேச்சு நின்று சிறிது நேரம் ஆனால் அந்த வரி அடிக்கப்பட்டுவிடும்.

உள் எண்களை வழங்குவதும் இதே பெட்டிதான். எழுந்து வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. பெரும்பாலும் ஒரு நாள் குத்தகை. இதற்கான முறை 1993 அக்டோபரில் வகுக்கப்பட்டது. ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை காலையில் பிரிண்டர் மட்டும் அச்சிட மறுக்கிறதென்றால், அதன் குத்தகை முடிந்து வேறு எண் கிடைத்திருக்கலாம். கணினிகள் பழைய எண்ணுக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை ரூட்டரில் ஒதுக்கி வைத்துவிட்டால் தொல்லை தீரும். ஐந்து நிமிஷ வேலை. இதற்கு ஆள் வரவழைத்துக் காசு கொடுப்பவர்கள் பலர்.

இனி, கோயம்புத்தூர்க்காரரின் குரல் ஏன் உள்ளே கேட்பதில்லை என்பது விளங்கும். பதிவேட்டில் உள்ளவை எல்லாம் உள்ளிருந்து போன கடிதங்களுக்கான வரிகள். முன்பின் கடிதமின்றி வெளியிலிருந்து வருபவனுக்கு வரி இல்லை. பெட்டி அவனைப் பேசாமல் கைவிடுகிறது. 'இன்ன கதவெண்ணுக்கு வருவதை இன்ன யந்திரத்திடம் விடு' என்று எழுதிவைக்கலாம். பட்டறைகளில் அப்படிச் செய்தும் வருகிறார்கள். அதைச் செய்தபின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது மட்டும் ஆபத்து. 2016இல் 'மிராய்' என்ற தீய நிரல் உலகெங்கும் காமிராக்களையும் ரூட்டர்களையும் பற்றிக்கொண்டது இந்த வழியாகத்தான்.

ஆயினும் கதவு திறந்துவைத்தும் பயன் இல்லாத நிலைமை ஒன்று பின்னர் வந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுதிகளும் ஐந்து பிராந்திய அமைப்புகளுக்குக் கொடுக்கப்பட்டன. அதே ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியில் ரேஷன் முறை அமலாயிற்று. கம்பெனிக்கு ஒரு விலாசம் என்பதும் கட்டுப்படியாகாமல், இணைய வசதி தருவோர் தம்மிடத்திலும் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டியை வைத்தார்கள். அதற்கென 2012இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரூட்டரின் வெளி விலாசம் இவ்வாறு தொடங்கினால், நீங்கள் இருமுறை மொழிபெயர்க்கப்படுகிறீர்கள் என்று பொருள். வெளியூரில் அறை எடுத்து, 'மே/பா' என்று இன்னொருவர் பெயரை எழுதிக் கடிதம் பெற்றவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. வீட்டுக்காரரே இன்னொருவரின் குடித்தனக்காரர் என்று தெரியவரும்போதுதான் சங்கடம். நிலையான விலாசம் வேண்டுமென்றால் தனியே கட்டணம் செலுத்தி வாங்க வேண்டும். சிறு பட்டறைக்கு அது ஒரு செலவு; பெரிய ஆலைக்கு அது கணக்கிலேயே தெரியாது.

நிரந்தரப் பரிகாரமும் பழையதுதான். 128 இரும இலக்கங்கள் கொண்ட ஆறாம் பதிப்பு விலாசம் 1995 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. நம் மத்திய சர்க்கார் 2010 ஜூலையில் அதற்கான திட்டத்தை வெளியிட்டது; 2016க்குப் பின் கைப்பேசி வலைகளின் வாயிலாக அது வேகமாகப் பரவி, இன்று இந்திய இணையப் பயனர்களில் பாதிக்கு மேற்பட்டோரை எட்டியிருக்கிறது. பட்டறைத் தொழிலாளியின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கு அநேகமாகப் புதிய விலாசம் உண்டு. அவர் ஓட்டும் யந்திரத்துக்கு இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கட்டுப்பாட்டுப் பலகைகளில் பலவற்றுக்குப் பழைய நான்கு எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே 1994இல் இடைக்கால ஏற்பாடாகச் சொல்லப்பட்ட பதிவேட்டை, பீன்யாவின் சுவர்ப் பெட்டிகள் இன்னும் வரி வரியாக எழுதிக்கொண்டிருக்கின்றன.