பழைய காற்று

“அந்தக் காலத்துக் காற்றே வேறே, தம்பி!”

பச்சைமலையில் ஒரு மார்கழிக் காலை. டாப் செங்காட்டுப்பட்டிக்கு அப்பால், கம்பளியைப் போர்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அந்தக் காலத்து அரிசி, அந்தக் காலத்து நெய், அந்தக் காலத்து மருமகள் என்ற வரிசையில் காற்றையும் சேர்த்துவிட்டார் போலும் என்று எண்ணி, நானும் தலையை ஆட்டி வைத்தேன். பின்னால் சில புத்தகங்களைப் புரட்டியபோதுதான், அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது.

பழைய காற்றை எங்கே போய்த் தேடுவது? மலையை விட்டிறங்கிப் பெரம்பலூர்ப் பக்கம் போனால், சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று கிடக்கிறது. 1940ஆம் ஆண்டில் மண்ணியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. வயது சுமார் 12 கோடி ஆண்டு என்கிறார்கள். மரம் இருக்கிறது, அது மூச்சு வாங்கிய காற்று போன இடம் தெரியவில்லை. காற்றைப் பொத்தி வைக்க என்றும் உருகாத பனி வேண்டும். நம் சீமையில் அதற்கு வழியில்லை. நல்ல வேளையாகக் காற்றுக்கு ஊர் எல்லை கிடையாது. ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் உலகமெல்லாம் சுற்றிக் கலந்துவிடுகிறது. ஆகவே பச்சைமலைக் காற்றின் பழங்கதையைத் தென்துருவத்துப் பனியில் படிக்கலாம்.

அங்கே விழுகிற பனி உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடுக்கின்மேல் அடுக்காய் ஏறி, மேற்பாரத்தால் கீழ்ப்பனி இறுகிக் கட்டியாகிறது. துகள்களின் இடுக்கில் இருந்த காற்று குமிழிகளாகச் சிறைப்படுகிறது. இந்தச் சிறைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் கிளாட் லோரியஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1965இல் அண்டார்டிகாவில் ஒரு நாள் வேலை முடிந்து, ஆழத்திலிருந்து தோண்டியெடுத்த பனிக்கட்டித் துண்டை விஸ்கிக் கோப்பையில் போட்டாராம். (மதுவிலக்கு அன்பர்கள் மன்னிக்க வேண்டும், சரித்திரம் அப்படி அமைந்துவிட்டது.) கட்டி கரையக் கரையக் குமிழிகள் வெடித்துக் கிளம்பின. அந்தப் பனி விழுந்த காலத்துக் காற்றல்லவா இது என்று அவருக்குப் பொறி தட்டியது.

பொறி தட்டினால் போதுமா? கட்டியை வெற்றிடத்தில் நொறுக்கி, வெளிவரும் துளிக் காற்றை அளக்கும் வித்தை கைகூட இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ரஷ்யர்கள் வோஸ்டாக் என்னுமிடத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1983இல் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 89 டிகிரிக்குப் போன இடம் அது! அமெரிக்காவும் ரஷ்யாவும் முகம் கொடுத்துப் பேசாத நாட்களில், ரஷ்யர் தோண்டிய பனியை அமெரிக்க விமானம் சுமந்துவர, பிரெஞ்சுக்காரர் ஆராய்ந்தார்கள். 1987இல் வெளியான கணக்கு 1,60,000 ஆண்டுகளுக்கு எட்டியது. பின்னர் வேறொரு துளை 8,00,000 ஆண்டுகளுக்குப் போயிற்று. உலகம் குளிர்ந்த யுகங்களில் கரியமிலவாயு பத்து லட்சம் பங்குக் காற்றில் 180 பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது. வெதுவெதுப்பான யுகங்களில் 280க்கு ஏறியிருக்கிறது. அந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் ஒரு முறைகூட அது 300ஐத் தாண்டி நிலைத்ததில்லை.

குமிழிக்குள் இருந்த காற்று கெட்டுப்போயிருந்தால்? நியாயமான சந்தேகம்தான். 1958 முதல் காற்றை நேரிலேயே அளந்து வருகிறார்கள். லா டோம் என்னும் பனிமேட்டில் கிடைத்த புதிய குமிழிகள் அந்த ஆண்டுகளையும் தொட்டன. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின.

அதே பனிமேட்டின் கணக்குதான் என் மனசைப் பிடித்துக்கொண்டது. 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோது ராஜராஜன் சுவாசித்த காற்றில் கரியமிலவாயு ஏறக்குறைய 280 பங்கு. நாயக்கர்கள் திருச்சியை ஆண்டபோதும் கிட்டத்தட்ட அதேதான். எத்தனை படையெடுப்பு, எத்தனை பஞ்சம்! காற்று மட்டும் சில பங்குகளுக்குமேல் அசையவில்லை. நிலக்கரி எரிக்கும் இயந்திரங்கள் பெருகிய பிறகுதான் அது ஏறத் தொடங்கியது. நான் பிறந்த 1980இல் 338. 2024இல் 424ஐத் தாண்டிவிட்டது. எண்ணூறு ஆண்டுகளில் நடக்காதது என் நரைக்கு முன்னால் நடந்திருக்கிறது.

மறுபடி மலைக்குப் போனபோது பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“சரி தம்பி, அளந்து முடிச்சப்புறம் அந்தக் காத்தை என்ன பண்ணினாங்க?”

“வெளியே விட்டிருப்பார்கள், ஐயா.”

“இந்தக் காத்தோடயா?” என்றார் பெரியவர்.