குல்லாய்க் குரங்கும் ஓர் ஊசியும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் வாழைப்பழத்தைப் பறிக்கும் குல்லாய்த் தலைக் குரங்கை லேசாக நினைக்காதீர்கள்! அதே இனத்திடம்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் என்.ஆர்.மௌட்கல், ஆண்களுக்கான கருத்தடை ஊசியைச் சோதித்தார். (கு.க. ஆபரேஷன் என்றால் நாம் மனைவியைத்தானே அனுப்புகிறோம்!)

விரைக்குள் லெய்டிக் செல் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். பக்கத்து செர்டோலி செல்லுக்கு அதுதான் சேதி. செர்டோலி, விந்தணுக்களின் செவிலித்தாய். அவளுக்கு பிட்யூட்டரியிலிருந்து எஃப்.எஸ்.எச். என்று இன்னொரு தபாலும் வரும். அதை மட்டும் மறித்தால்?

செம்மறியாட்டு எஃப்.எஸ்.எச்.சை ஊசியில் ஏற்றினார்கள். குரங்கின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி, தன் சொந்த ஹார்மோனையும் மடக்கிவிட்டது. விந்தணு சரிந்தது, டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை!

1997-ல் 5 ஆண்களிடம் சோதித்த முடிவு வெளியானது. அதே வருஷம் ஃபின்லாந்திலிருந்து ஒரு குண்டு... அந்தத் தபாலை வாங்க முடியாமலே பிறந்த 5 ஆண்கள். அவர்களில் 2 பேர் அப்பாக்கள்!

ஊசி கடைக்கு வரவே இல்லை.